பெருவிரல்

வங்கிப் பிள்ளை பழைய அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.
எழுபத்தொன்பதில் அண்ணன் போட்ட கையெழுத்து.
முதலெழுத்தின் சுழி கட்டத்தை விட்டு வெளியே போய்
கீழே அச்சடித்த வரியையும் ஒருமுறை சுற்றி வந்திருந்தது.
காணிக் கந்தோரில் முப்பது வருடம்
ஊரார் உறுதிகளுக்கு அடியில் ஓடிய சுழி.

இன்றைக்குப் போட்டதைப் பார்த்தேன்.
முதலெழுத்து அரிசி,
இரண்டாவது குறுணி,
கடைசி எழுத்து, எறும்பு கொண்டுபோன மிச்சம்.

"ஐயா, திரும்ப ஒருக்காப் போடுங்கோ."
போட்டார். இன்னும் சின்னன்.
பேனை மூடி தன்பாட்டில் உருண்டு விழுந்தது.

நான் பக்கத்தில் ஒற்றைச் செருப்போடு நின்றேன்.
மற்றக் காலின் பெருவிரல்
இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டது.
போர்வை நுனி பட்டாலே உயிர் போகும்.
காற்றாடியை நிற்பாட்டினேன்,
காற்றும் பாரமாயிருந்தது.
இறால், கணவாய், ஞாயிற்றுக்கிழமை நண்டு,
பிரஷருக்குப் போடும் குளிசையும்கூட,
ஒன்றையும் மறக்காமல் மூட்டு எழுதி வைத்திருக்கிறது.

செவ்வாய் எனக்குக் கிளினிக், வியாழன் அவருக்கு.
இரண்டு கொப்பியும் ஒரே சொப்பிங் பாக்கில்.
போன மாதம் கொப்பி மாறிப்போய்
என் இரத்தத்தின் கணக்கை அவருடைய டொக்டர் வாசித்தார்.
"யூரிக் அமிலம் எட்டே முக்காலோ? ஸ்ரனிஸ்லாஸ் ஐயாவுக்கோ?"
பிறகு என் காலைப் பார்த்தார்.
"ஓ. அது உங்கட."

சின்னப் பெடியன், மட்டுவில் பக்கம்.
கொப்பியை மூடாமல் சொன்னார்:
இந்த உப்புக் கூடின ஆக்களுக்கு
இந்த நடுக்கம் குறைவாய் வருதெண்டு
சிலர் எண்ணிப் பாத்திருக்கினம்.
மூளை துருப்பிடிக்காமல் அது காவல் நிக்குமாம்.
வேற சிலரும் எண்ணினவை,
அப்பிடி ஒண்டும் இல்லையெண்டினம்.
நடுங்கிறவைக்கு அதைக் கூட்டிக் குடுத்தும் பாத்தவை.
நடுக்கம் நிக்கேல்லை.

"அப்ப எது உண்மை, தம்பி?"
"தெரியாது அன்ரி. நீங்கள் உங்கட மருந்தை விடாதேங்கோ."

ஒரு டொக்டர் தெரியாது என்று சொல்லி
அன்றுதான் கேட்டேன்.
அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று பின்னேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.
ஒரே வயிற்றில் கிடந்தோம்.
பாசையூரில் ஒரே சட்டி நண்டைத்தான் உடைத்துத் தின்றோம்.
கேத்திலுக்கு அடியில் வெள்ளையாய்ப் படியும்
அதே கிணற்றுத் தண்ணி.
எனக்கு வந்த உப்பு கால்வரை இறங்கிக் கல்லாயிற்று.
அவருக்கு வந்தது எந்த வழியால் போயிற்று?
என் வீக்கமோ என் கையை நேராக வைத்திருக்கிறது?
கொஞ்சம் கைமாற்றாய்க் கொடுக்கலாமோ,
வசதி வந்தால் திருப்பித் தரட்டும்.
இப்படி யோசித்த அதே மனம்
தனக்கு வந்தது கால்வலிதானே என்று
உள்ளுக்குள் நன்றியும் சொன்னது.
வெட்கமாயிருந்தது.

குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
கோயில் மணி அடித்து முடியும்வரை இருந்தேன்.
பிறகு விழுங்கினேன்.
சம்பளம் கொடுக்காமல் காவல்காரனை
அனுப்பிவிட்டது போலிருந்தது.
ஆனால் அவன் இராவிராவாய் அடித்தது என்னையல்லவா?

மனேச்சர் மைப்பெட்டியோடு வந்தார்.
"பறவாயில்லை, பெருவிரலை வையுங்கோ."
எந்தப் பெருவிரல் என்று ஒரு கணம் விளங்கவில்லை.
கீழே என்னுடையது துடித்தது,
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று.
இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவர்கள்
என்ன நினைத்து வைத்தார்களோ.

அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன்.
நடுக்கம் என் முழங்கைவரை ஏறியது.
என்னிடமிருந்து அங்கே ஏதும் போனதா, தெரியாது.
ரேகை கொஞ்சம் கலைந்துதான் விழுந்தது.
"காணும்" என்றார் மனேச்சர்.

வெளியே வெயில்.
அவர் இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாய்,
நான் நொண்டி நொண்டி,
படியிறங்க ஐந்து நிமிடம்.
ஓட்டோக்காரன் எட்டிப் பார்த்தான்.
"ஆருக்கு ஏலாது?"

இரண்டுபேரும் ஒரே நேரத்தில்
மற்றவரைக் காட்டினோம்.